அங்கீகாரத்தை மீளாய்வு செய்பவர் யார்?
வளைகுடா நாடுகளில் சக்கர நாற்காலி மின்னுயர்த்திச் சட்டங்களின் வரலாறு

வளைகுடா நாடுகளின் வானளாவிய மாடங்களைக் கட்டியெழுப்பிய கரங்களுள் எம்மவர் கரங்களும் உண்டு. ஒரு பிள்ளை அகதியாக ஐரோப்பாவிலும், மற்றொரு பிள்ளை தொழிலாளியாக டுபாயிலோ கட்டாரிலோ வாழும் குடும்பங்கள் எம்மிடையே பல. எறிகணையாலும் கண்ணிவெடியாலும் கால்களை இழந்தோரும் பலர். ஆகவே, சக்கர நாற்காலியில் இருப்பவர் மேல்மாடிக்கு எவ்வாறு செல்வார் என்பது எமக்கு அயலான வினா அன்று.

லிஃப்ற் எனப்படும் மின்னுயர்த்தி ஒன்றைப் பொருத்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கதவு ஒடுங்கியிருந்தால் நாற்காலி நுழையாது. பொத்தான் உயரத்தில் இருந்தால் கை எட்டாது. மின்னுயர்த்தியை அடையுமுன் இரண்டு படிகள் இருந்தால் அனைத்தும் வீண். இத்தகைய கட்டடத்திற்கும் அங்கீகாரம் வழங்கப்பட்டுவிட்டால், அதனை மீளாய்வு செய்யும் அதிகாரம் எவரிடம் உள்ளது?

வளைகுடாவில் இவ்விடயம் படிப்படியாகவே சட்டமாயிற்று. குவைத் 1996 இல் 49 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. 2010 இல் 8 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சவூதி அரேபியா 2000 இலும், கட்டார் 2004 இலும் மாற்றுத்திறனாளர்க்கான சட்டங்களைக் கொண்டுவந்தன. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2006 இல் 29 ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டத்தை நிறைவேற்றி, 2010 இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தை ஏற்றுறுதி செய்தது. அணுகும் வசதிக்குரிய நியமங்களை வகுப்பதோடு அமையாது, அவற்றின் நடைமுறையைக் கண்காணிக்கவும் வேண்டும் என அச்சாசனத்தின் 9 ஆம் உறுப்புரை அரசுகளைப் பணிக்கின்றது.

டுபாய் 2014 இல் தனக்கெனச் சட்டம் இயற்றி, 2017 இல் அனைவரும் அணுகக்கூடிய கட்டடங்களுக்கான விதிக்கோவையை வெளியிட்டது. எனினும் அங்கீகரிக்கும் அதிகாரம் அங்கு ஒரே கையில் இல்லை. பொதுவாக வரைபடத்தையும் கட்டிமுடித்த கட்டடத்தையும் பரிசோதிப்பது மாநகர சபை. சுதந்திர வர்த்தக வலயங்கள் பலவற்றிலோ அப்பொறுப்பு வேறு அதிகாரசபைகளுக்குரியது. எனவே குறை கூற விழைபவர், அங்கீகாரம் எவருடையது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

எமது தாயக வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. குவைத் தன் முதற் சட்டத்தை இயற்றிய அதே 1996 இல் இலங்கையும் 28 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் வெளிவரப் பத்து ஆண்டுகள் சென்றன. அவை 2006 இல் பிரசுரமாயின. அதன் பின்னரும் படிகள் படிகளாகவே இருந்தன. 1992 இல் ஓடும் காரின்மீது மரம் வீழ்ந்ததால் சக்கர நாற்காலிக்குள்ளான கலாநிதி அஜித் பெரேரா, 2009 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைய வேண்டும் என்றும், மீறுதல் தண்டனைக்குரியது என்றும் 2011 இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதிகாரிகள் திறவாத கதவை ஒரு தனிமனிதர் தட்டித் திறக்க வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இதே பாடமே. 2016 ஆம் ஆண்டுச் சட்டம், விதிகளுக்கு அமையாத கட்டடத்திற்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கலாகாது என்றது. ஆனால் அவ்விதிகளுட் பல வெறும் பரிந்துரைகளாகவே இருந்தமையால், கட்டாய நியமங்களை வகுக்குமாறு 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது.

உரிமையை எழுதிவைத்தல் ஒன்று. வழங்கிய அங்கீகாரத்தை மறுபடி திறந்து பார்க்க ஒருவருக்கு அதிகாரம் அளித்தல் வேறொன்று. பின்னையது இல்லையேல் முன்னையது காகிதமே. எந்நாட்டில் தஞ்சம் புகுந்திருப்பினும், குடியிருக்கும் கட்டடத்தை அங்கீகரித்தது எந்த நிறுவனம், எந்த விதியின் கீழ் என்பதைக் கேட்டறிந்து, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லைக் காற்றுக் கொண்டுபோகும். எழுத்துக்கு ஒருநாள் எவராவது பதில் கூறியே ஆகவேண்டும்.