எழுவாய் மாற்றம்: எழுத்துச் சமன்பாட்டின் வரலாறும் சமூக அடிப்படையும்

1

பல மாறிகளைக் கொண்ட சமன்பாடொன்றிலே விரும்பிய ஒரு மாறியைத் தனித்து ஒருபுறம் நிறுத்தி, ஏனையவற்றை மறுபுறத்திற்குக் கொணரும் முறையினை எமது பாடசாலைகளிலே ‘எழுவாய் மாற்றம்’ என்னும் பெயரால் கற்பித்து வருகின்றனர். இலக்கணத்திலிருந்து பெறப்பட்ட இச்சொல் பொருத்தமானதே. ஒரு நிகழ்ச்சியைக் கூறும் வாக்கியத்தில் எதனை எழுவாயாக அமைப்பது என்பது கூறுவோனின் நோக்கைச் சார்ந்தது. சமன்பாட்டிலும் எழுவாயைத் தெரிவு செய்பவன் மனிதனே. இத்தெரிவுச் சுதந்திரம் எக்காலத்திலும் இருந்ததன்று. வரலாற்றின் குறிப்பிட்டதொரு கட்டத்திலே தோன்றியது. அது தோன்றிய சூழ்நிலையினையும், அதன் ஆற்றலினையும் எல்லையினையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

யாவரும் அறிந்த தனிவட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 800 ரூபா முதலுக்கு நூற்றுக்கு ஆண்டொன்றிற்கு 5 வீதம் 3 ஆண்டுகளில் வரும் வட்டி 120 ரூபாவாகும். முதலை மு எனவும், வீதத்தை வீ எனவும், காலத்தைக் கா எனவும், வட்டியை வ எனவும் குறித்தால்,

வ = மு × வீ × கா ÷ 100

என்பது பெறப்படும். முதலே வேண்டப்படுவதாயின் இருபுறத்தையும் 100ஆல் பெருக்கி, வீ × கா என்பதால் வகுக்க,

மு = 100 × வ ÷ (வீ × கா)

என அமையும். வீதத்தையோ காலத்தையோ இவ்வாறே பெறலாம். வகுக்கும் கணியம் பூச்சியமாகாதிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. ஆக, ஒரே உறவு நான்கு வினாக்களுக்கு விடை தருகின்றது.

எழுத்துக் குறியீடு தோன்றாத காலத்துக் கணக்கனுக்கு இவை நான்கு வெவ்வேறு கணக்குகள். இந்தியாவிலே திரைராசிகம், பஞ்சராசிகம் என வழங்கிய விதிகளும், இத்தாலிய வணிகர் கையாண்ட மும்மை விதியும் ஒவ்வொரு வகை வினாவிற்கும் எண்களை எவ்வொழுங்கில் வைத்துப் பெருக்கி வகுத்தல் வேண்டும் என்பதையே கற்பித்தன. முதலும் வட்டியும் சேர்ந்த தொகை 920 ரூபா என்று மட்டும் தரப்பட்டால் முதலை எவ்வாறு காண்பது? முதல் 100 என முதலிலே பொய்யாகக் கொள்வர். 3 ஆண்டுகளில் அது 115 ஆகும். 115க்கு 100 எனின் 920க்கு எவ்வளவு என வினவி 800 எனப் பெறுவர். விடை சரியானதே. ஆயினும் அம்முறை ஏன் சரியாகின்றது என்பது எண்களுக்குள் மறைந்துவிடுகின்றது. தொகையைத் தொ எனக் குறித்து, மு இரு இடங்களில் வருவதைக் கண்டு, அதனைப் பொதுக்காரணியாகப் பிரித்தெடுத்தால்,

மு = 100 × தொ ÷ (100 + வீ × கா)

என்னும் வடிவம் அக்காரணத்தை வெளிப்படையாகக் காட்டி நிற்கும்.

3

இந்நிலையை அடைய மனிதகுலத்திற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. தயொபந்தர் தெரியாக்கணியம் ஒன்றிற்கே குறியீடு வைத்திருந்தார். 628ஆம் ஆண்டிலே நூலியற்றிய பிரமகுப்தரும், 1150 அளவில் எழுதிய இரண்டாம் பாஸ்கரரும் பல தெரியாக்கணியங்களை நிறப்பெயர்களால் வேறுபடுத்தினர். இது முக்கியமானதொரு முன்னேற்றம். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, வாரிசுரிமைப் பங்கீடு, வாணிபம், நில அளவை ஆகியவற்றிற்குப் பயன்படுமாறு சமன்பாடுகளை ஆறு வகையாகப் பகுத்துச் சொற்களாலேயே விளக்கினார். இவர்கள் யாவரிடத்தும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தெரியாதது பெயர் பெற்றது. தெரிந்தது எண்ணாகவே இருந்தது. தெரிந்தது எண்ணாக இருக்கும்வரை எழுவாயை மாற்றுதல் இயலாது. ஒவ்வொரு முறையும் புதியதொரு கணக்கையே செய்தல் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே யோர்தானுஸ் என்பார் தெரிந்த கணியங்களையும் எழுத்துக்களால் குறித்தார் என்பது உண்மை. ஆயின் கூட்டல், பெருக்கல் முதலிய செய்கைகளுக்குரிய குறியீடுகள் அவரிடம் இருக்கவில்லை. அவரது எழுத்துக்கள் பெயர்களாக நின்றனவேயன்றி, இயக்கத்தக்க கருவிகளாகவில்லை.

அக்கருவியை உருவாக்குவதிலே வணிக வர்க்கத்தின் வளர்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. புளோரன்ஸ் முதலிய இத்தாலிய நகரங்களிலே வணிகர் பிள்ளைகளுக்கெனக் கணக்குப் பள்ளிகள் நடைபெற்றன. வட்டி, கூட்டு வாணிபம், பண்டமாற்று, உலோகக் கலப்பு ஆகியனவே அங்கு பாடம். 1478இல் திரெவீசோவில் அச்சான எண்கணித நூல் வணிகருக்காகவே எழுதப்பட்டது. கூட்டற் குறியும் கழித்தற் குறியும் அச்சிலே முதலில் தோன்றியது 1489இல் லைப்சிக் நகரில் வெளிவந்த விட்மனின் வணிகக் கணித நூலிலாகும். 1557இல் இங்கிலாந்தில் றெக்கோட் சமக்குறியை அறிமுகம் செய்தார்.

எனினும், வணிகத் தேவையே எழுத்துச் சமன்பாட்டை நேரே ஈன்றது எனக் கூறுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். 1591இல் தூர் நகரிலே தம் நூலை வெளியிட்ட பிரான்சுவா வியேத் வணிகரல்லர், சட்டம் பயின்றவர், பிரெஞ்சு மன்னரின் ஆலோசகராயிருந்து, ஸ்பானியரின் இரகசிய எழுத்துக்களை விடுவித்தவர். கிரேக்கக் கணித நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு அச்சேறியமை அவருக்குத் துணையாயிற்று; தயொபந்தரின் நூல் 1575இலும் பாப்பஸின் நூல் 1588இலும் வெளிவந்தன. தெரியாக்கணியங்களை உயிரெழுத்துக்களாலும் தெரிந்த கணியங்களை மெய்யெழுத்துக்களாலும் குறிக்க அவர் வகுத்த முறையே தீர்க்கமான திருப்பம். கணக்குப் பள்ளியின் பயிற்சியும், பண்டை நூலறிவும், அச்சுக்கலையும் ஒன்றுகூடிய இடத்திலே இத்திருப்பம் நிகழ்ந்தது. நெடுங்கணக்கின் முதலெழுத்துக்கள் தெரிந்தவற்றையும் இறுதி எழுத்துக்கள் தெரியாதவற்றையும் குறிக்கும் வழக்கம் 1637இல் டேக்கார்ட்டின் நூலோடு நிலைபெற்றது.

4

தெரிந்ததும் தெரியாததும் ஒருங்கே எழுத்தாகியதும் அவற்றிடையே இருந்த பேதம் தற்காலிகமானதாயிற்று. சமன்பாட்டிலே எவ்வெழுத்தும் எழுவாயாகும் உரிமை பெற்றது. இச்சமத்துவம் வடிவ அளவிலானது என்பதை நாம் மறத்தலாகாது. சமன்பாடு கணியங்களுக்கிடையேயான உறவைக் கூறும். எது எதனை இயக்குகின்றது என்பதைக் கூறாது.

இதற்கு 1865இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்சபையிலே நடைபெற்ற விவாதம் சிறந்த சான்றாகும். கூலி பொதுவாக உயர்ந்தால் முதலாளிமார் விலையை உயர்த்திவிடுவர்; ஆதலின் கூலி உயர்வால் பயனில்லை என வெஸ்டன் என்பார் வாதிட்டார். அவரும் உழைப்பாளரே. உழைப்பினால் புதிதாக உருவாகும் பெறுமதியைப் பெ எனவும், கூலியைக் கூ எனவும், உபரியை உ எனவும் கொண்டால், பெ = கூ + உ ஆகும். வெஸ்டனின் வாதம் உ அசையாது என முற்கூட்டியே கொண்டு, பெ என்பதை எழுவாயாக்குகின்றது. மார்க்ஸின் மறுப்பை இதே சமன்பாட்டில் எழுதினால், பெ என்பது செலவழிந்த உழைப்பால் தீர்மானிக்கப்படுவதால் உ = பெ − கூ என்றாகும்; கூலி உயரின் உபரி குறையும். அட்சரகணித விதிப்படி இரண்டும் ஒரே சமன்பாடு. வேறுபாடு எதனை மாறிலியாகக் கொள்வது என்பதிலேயே உள்ளது. அதனைத் தீர்மானிப்பது கணிதமன்று, சமூக உறவு பற்றிய ஆய்வு.

மார்க்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்திலே, திரட்சியின் அளவே சாரா மாறி, கூலியின் அளவு அதனைச் சார்ந்த மாறி எனக் கணித மொழியிலேயே எடுத்துரைத்தார். 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த மூன்றாம் பாகத்தில், இலாப வீதத்திற்கும் உபரிப்பெறுமதி வீதத்திற்குமுள்ள உறவைச் சமன்பாடாக எழுதி, காரணிகளுட் சிலவற்றை நிலையாக நிறுத்தி ஏனையவற்றை மாற்றி ஆராயும் அத்தியாயம் ஒன்று உண்டு. அவ்வாய்விலே நிறுத்தப்படும் ஒவ்வொரு காரணியும் பெயர் சொல்லி நிறுத்தப்படுகின்றது.

எழுத்துச் சமன்பாடு மானிட உழைப்பின் அரிய விளைபொருள்களுள் ஒன்று. அதனை மனனம் செய்யவேண்டிய நான்கு சூத்திரங்களாகக் கற்பிக்கும் முறை, வியேத்துக்கு முற்பட்ட நிலைக்கே மாணவனைத் திருப்பி அனுப்புகின்றது. ஓர் உறவிலிருந்து நான்கையும் தானே பெறக் கற்றவன், பொருளாதாரத்தின் பெயரால் தன்முன் வைக்கப்படும் சமன்பாட்டையும் திருப்பி எழுத வல்லவனாவான். இச்சமன்பாட்டில் மாறாதது எனக் கொள்ளப்பட்டது எது, அவ்வாறு கொண்டவர் யார், அதனால் நன்மை பெறுவோர் யாவர் என அவன் வினவத் தொடங்குவான். தொழிலாளர் இயக்கத்திற்கு அட்சரகணிதத்திலே அக்கறை இருத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வொரு காரணமே போதியதாகும்.