கரகரப்பும் ஒரு கலையே: உறுமி முதல் மின்கிதார் வரை



“என் மகன் கிதார் வாசிக்கவில்லை, பெட்டி ஒன்றை மிதித்துக் கரகரவென இரைச்சல் எழுப்புகிறான்” எனப் பெற்றோர் சிலர் வருந்துவதுண்டு. அந்தப் பெட்டியின் பெயர் ‘ஃபஸ்’ பெடல். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் தோட்டத்து உறுமிக்கு அயலானதும் அன்று.

1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ என்னும் பாடல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானது. ஒலிக்கலவைக் கருவியில் ஏற்பட்ட பழுதால், கிரேடி மார்ட்டின் மீட்டிய தந்தியொலி கரகரத்தது. அதனை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர். பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை வேண்டும்போது எழுப்பவல்ல மின்சுற்று ஒன்றை ஆக்கினார். அதுவே 1962-இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடல் அதனை உலகறியச் செய்தது.

இது இயங்கும் முறை எளியது. தந்தியின் மின்னலையை டிரான்சிஸ்டர் தன் எல்லைக்கு மேல் பெருக்க முயலும்போது அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 1966-இல் இலண்டனில் வெளிவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஆதலால் அதனைத் திருத்துவது பலருக்கும் கைவந்தது. உள்ளீட்டு மின்தேக்கியைச் சிறிதாக்கினால் அடியொலி குறைந்து ஓசை மெலியும். மின்தடையின் அளவை மாற்றினால் அலை வெட்டுப்படும் விதமே மாறும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வெப்பத்தில் நிலைமாறும் இயல்புடையது. நம் நாட்டு வெயிலில் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். பின்னர் வந்த சிலிக்கான் வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும். அதன் ஒலியோ கூர்மையானது. ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்காக ரோஜர் மேயர் என்னும் பொறியாளர் இத்தகைய மாற்றங்களைச் செய்து தந்தார்.

ஒலியைத் திருத்தும் இந்தக் கலை நமக்குப் புதியதா? தம்புராவின் குதிரைமீது தந்திக்கடியில் ஒரு நூலிழையை வைத்து ரீங்காரத்தைக் கூட்டுகிறோம். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைக் குழைத்து அப்பி அடியொலியை ஆழமாக்குகிறோம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனகச் செய்கிறோம். உறுமுவதால்தான் அதற்கு உறுமி என்றே பெயர். பழுதிலிருந்து மேலைநாட்டார் கற்றதை நம் முன்னோர் விரும்பியே செய்துவைத்தனர்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. பிற்காலத்தில் பால்மரங்கள் இருந்த இடங்களையும் செம்பனை பிடித்தது. ஆள்தேவை குறைந்தது, குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்தன. லயத்துக் கோவில்களில் உறுமி வாசித்தோரின் பிள்ளைகள் இன்று பல ஊர்களில் சிதறி வாழ்கின்றனர். தோலை எவ்வளவு இழுத்துக் கட்டுவது, எந்த அழுத்தத்தில் தேய்ப்பது என்பன ஏட்டில் இல்லை; கையிலும் காதிலுமே உள்ளன. அந்தக் கைகள் ஓய்ந்தால் அறிவும் ஓய்ந்துவிடும். நான் அஞ்சுவது இதற்கே.

ஆகவே, பிள்ளை பெடலைத் திறந்து பார்த்தால் அதட்டாதீர்கள். 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் பெட்டியைத் திறப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் கருவியைத் தொட விடாதீர்கள். பற்றாசுக்கோலைப் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருங்கள். பிறகு அதே பிள்ளையை ஊர்க்கோவில் உறுமிக்காரரிடம் அழைத்துச் சென்று, “ஐயா, இந்த ஒலி எப்படிப் பிறக்கிறது?” எனக் கேட்கச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் ஒலி பற்றிக் கற்பிக்கும் நாளில் உறுமியும் வகுப்பறைக்குள் வரட்டும்.

இரைச்சல் என்று நாம் ஒதுக்குவதில் எவ்வளவு அறிவு உறைந்துள்ளது என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் கற்போமாக.