திருவள்ளுவர் சிலையை விட உயரம்... மகேந்திரகிரியில் இஸ்ரோ கட்டிய ராக்கெட் இன்ஜின் சோதனைக்கூடம் எப்படி இயங்குது?

நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி காவல்கிணறு பக்கம் போனால், மேற்கே தெரியும் மலை மகேந்திரகிரி. குமரி மாவட்ட எல்லையை ஒட்டி, நெல்லை மாவட்டத்துக்குள் வரும் இந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. சுருக்கமாக ஐபிஆர்சி.

இங்கிருந்து ராக்கெட் எதுவும் கிளம்பாது. ஆனால், இஸ்ரோவின் திரவ எரிபொருள் இன்ஜின்கள் விண்ணுக்குப் போகும் முன் இங்கேதான் தரையில் எரித்துப் பார்க்கப்படுகின்றன. அதற்காகக் கட்டப்பட்ட புதிய சோதனைக்கூடத்தை 2024 பிப்ரவரி 27 அன்று பிரதமர் மோடி திருவனந்தபுரத்தில் இருந்து திறந்து வைத்தார். அப்படி என்ன ஸ்பெஷல் அதில்?

எவ்வளவு பெரியது?

சோதனை மேடையின் உயரம் 51 மீட்டர். கன்னியாகுமரி கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். அதை விட இது 10 மீட்டர் அதிகம்.

மேலே தெரிவது பாதிதான். இன்ஜினில் இருந்து சீறி வரும் தீயை வாங்கித் திருப்பிவிடும் அமைப்பு 30 மீட்டர் ஆழம் கொண்டது. 2,600 கிலோ நியூட்டன் வரை உந்துவிசை தரும் இன்ஜின்களை இங்கே சோதிக்கலாம்.

சாதாரண கட்டடத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வீடு கட்டும்போது பொறியாளர் பார்ப்பது மேலிருந்து கீழே அழுத்தும் எடையை. இங்கே கணக்கு வேறு. இன்ஜின் வாய் கீழே பார்த்தபடி மேடையில் பொருத்தப்படும். எரியத் தொடங்கியதும் தீ கீழே பாயும், இன்ஜின் மேலே தள்ளும். அது பறந்துவிடாமல் பிடித்து வைப்பதுதான் கட்டடத்தின் வேலை.

இங்கே சோதிக்கப்படும் புதிய இன்ஜினின் உந்துவிசை 2,000 கிலோ நியூட்டன். தலா 5 டன் எடையுள்ள 40 யானைகளைத் தூக்கும் அளவு விசை இது. அதைத் தாங்க வேண்டும், அதே நேரம் எவ்வளவு விசை என்று துல்லியமாக அளக்கவும் வேண்டும்.

இன்னொரு சவால் வெப்பநிலை. இது செமி கிரையோஜெனிக் இன்ஜின். அதாவது திரவ ஆக்சிஜனும், சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெயும் சேர்ந்து எரியும். ஆக்சிஜன் திரவமாகவே இருக்க மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு அது தேவையில்லை. ஒரே கூடத்துக்குள் ஒரு பக்கம் உறைய வைக்கும் குளிர், இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான டிகிரி தீ. குழாய், வால்வு, தொட்டி எல்லாமே இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

திரவ ஆக்சிஜனும் எரிபொருளும் தவறான இடத்தில் கலந்தால் வெடிக்கும். அதனால் இரண்டும் தனித்தனியே சேமிக்கப்படும். சோதனை நேரத்தில் மேடை அருகே ஆட்கள் இருக்க மாட்டார்கள். வால்வைத் திறப்பது, மூடுவது, அழுத்தத்தை அளப்பது எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில்தான்.

அந்த 2 விநாடியில் என்ன நடந்தது?

இவ்வளவு செலவு செய்து கட்டியது எதற்கு? 2023 ஜூலை 1 அன்று நடந்த சோதனையில் பதில் இருக்கிறது.

அன்று சோதிக்கப்பட்டது முழு இன்ஜின் அல்ல. உந்துவிசை தரும் எரி அறையைத் தவிர்த்து, பம்புகள், டர்பைன் உள்ளிட்ட மற்ற பாகங்கள் மட்டும் பொருத்தப்பட்டிருந்தன. 4.5 விநாடி ஓட்டுவதாகத் திட்டம். 1.9 விநாடி வரை எல்லாம் கணித்தபடியே போனது. 2வது விநாடியில் டர்பைனில் அழுத்தம் திடீரென எகிறியது, அதன் வேகம் குறைந்தது. முன்னெச்சரிக்கையாகச் சோதனை நிறுத்தப்பட்டது.

இதே கோளாறு வானத்தில் நடந்திருந்தால் ராக்கெட்டும் போயிருக்கும், அதில் இருந்த செயற்கைக்கோளும் போயிருக்கும். தரையில் நடந்ததால் இன்ஜினைப் பரிசோதிக்க முடிந்தது. 2025 மார்ச் 28 அன்று அடுத்த முக்கிய சோதனை 2.5 விநாடி வெற்றிகரமாக நடந்தது. ஏப்ரல் 24 அன்று 3.5 விநாடி. அரை விநாடி, ஒரு விநாடியாகத்தான் இந்த வேலை நகரும்.

விண்வெளியைத் தரையில் உருவாக்க முடியுமா?

முடியும். அதற்கும் மகேந்திரகிரியில் தனிக் கூடம் இருக்கிறது. ராக்கெட்டின் மேல் நிலை இன்ஜின் காற்றே இல்லாத உயரத்தில் எரிய வேண்டியது. எனவே காற்றை உறிஞ்சி எடுத்து, வெற்றிடம் போன்ற சூழலில் அதை எரித்துப் பார்க்கிறார்கள்.

இதன் அருமை 2010ல் புரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று, உள்நாட்டு கிரையோஜெனிக் இன்ஜினுடன் முதல்முறையாகப் பறந்த ஜிஎஸ்எல்வி டி3 தோல்வி அடைந்தது. இன்ஜின் பற்றியும் எரிபொருள் பம்ப் நின்றுபோனது. அதன்பிறகு மகேந்திரகிரியில் வெற்றிடச் சூழலில் பற்றவைக்கும் சோதனைகள் நடந்தன. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி டி5 வெற்றி பெற்றது.

மனிதர்களை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சிஇ20 இன்ஜினும் இங்கேதான் தகுதி பெற்றது. தேவைப்பட்டது 6,350 விநாடி சோதனை. 4 இன்ஜின்களை 39 முறை எரித்து, மொத்தம் 8,810 விநாடி ஓட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து என்ன?

செமி கிரையோஜெனிக் இன்ஜின் தயாரானதும், எல்விஎம்3 ராக்கெட்டின் இப்போதைய எல்110 நிலைக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தும் புதிய நிலை பொருத்தப்படும். தொலைதூரச் சுற்றுப்பாதைக்கு இப்போது சுமார் 4 டன் கொண்டு போகும் ராக்கெட், அதன்பிறகு 5 டன் வரை கொண்டு போகும் என்கிறது இஸ்ரோ.

இஸ்ரோவின் இப்போதைய தலைவர் வி.நாராயணன், கிரையோஜெனிக் இன்ஜின் வல்லுநர், குமரி மாவட்டத்துக்காரர். முன்னாள் தலைவர் கே.சிவனும் அப்படியே. அவர்கள் ஊருக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் அந்த இன்ஜின் இன்னும் பல முறை எரிந்து காட்ட வேண்டியிருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு சோதனை பாதியில் நின்றது என்று செய்தி வந்தால், ‘இஸ்ரோ தோல்வி’ என்று உடனே ஷேர் செய்ய வேண்டாம். பிரச்சினை வானத்துக்குப் போகும் முன் மாட்டிக்கொண்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.