தாழ்ப்பாள் துப்பாக்கியும் காயம்பட்ட புலியும்

ஆம்பூர்ல இருந்து வாணியம்பாடி தாண்டினா ஏலகிரி மலை. அங்க ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப் போன கதையை பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கார். அவர் வச்சிருந்தது .405 வின்செஸ்டர். விசைக்குக் கீழ இருக்கிற நெம்புகோலை இறக்கி ஏத்தினா அடுத்த தோட்டா வந்துடும். குமாவுன் ஜிம் கார்பெட்டோட .275 ரிக்பி வேற மாதிரி. கதவுத் தாழ்ப்பாள் போலத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கணும். எடை குறைவு, பிடிப்பு உறுதி.

நாட்டுத் துப்பாக்கியில மருந்தையும் ஈயத்தையும் குழாய் வாய் வழியா இடிச்சு நிரப்பணும். ஒரே வெடிதான். குறி பிசகினா மிருகம் காயத்தோட ஓடிடும். வினையே அங்கதான்.

1907ல கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்னதா கணக்கு. அதோட வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டடியில உடைஞ்சிருந்துச்சு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமத்தான் மனுசனைத் தேடுச்சுன்னு அவரே எழுதினார். அதைச் சுட்டதுக்குப் பரிசா வந்ததுதான் அந்த ரிக்பி.

அதனால நல்ல வேட்டைத் துப்பாக்கின்னா, ஒரே குண்டுல உயிர் போகணும். தப்பினா அடுத்த குண்டு உடனே தயாரா இருக்கணும். மத்த அழகெல்லாம் அப்புறம்தான்.

1972 வனவுயிர்ச் சட்டத்தோட அந்த வேட்டைக் காலம் முடிஞ்சுது. இப்ப நிலக்கடலையைத் தோண்டுற பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறாங்க. எனக்கும் கடலை போகுதுங்க, வயிறு எரியுது. ஆனா வாய் கிழிஞ்ச பன்றி காயத்தோட அலையுதே, அது அந்தப் பழைய குண்டடி மாதிரிதானே?