மலைமுடித் தொலைக்காட்சியும் மின்சுற்றுப் பலகைகளும்

இலங்கைத் தீவின் சிகரங்களுள் மிக உயர்ந்தது நுவரெலியா நகரை அடுத்து நிற்கும் பீதுருதாலகால. அதன் உயரம் 2,524 மீற்றர். தொலைக்காட்சிக்குரிய அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வன. இடையில் ஒரு மலை நின்றால் அதற்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் ஆழ்ந்துவிடும். 1979 ஏப்ரல் 13இல் இத்தீவில் தொடங்கிய முதலாவது தொலைக்காட்சிச் சேவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. நாடு முழுவதற்கும் உரிய சேவையாக, யப்பானின் நன்கொடை உதவியுடன், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியபோது, அதன் ஒளிபரப்பு நிலையம் பீதுருதாலகாலவின் முடியில் அமைந்ததற்குக் காரணம் இதுவே.

அம்முடிக்குக் கீழே தேயிலை மலைகளும், அம்மலைகளில் உழைத்த தமிழ் மக்களின் லயன்களும் பரந்து கிடந்தன. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையாக எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபான மின்நிலையமாக நனவாயிற்று. எனினும், அந்த நீரோடும் மலைகளில் வாழ்ந்த தொழிலாளரின் லயன் அறைகளிற் பெரும்பாலானவற்றுக்கு மின்விளக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. மின்சாரம் எட்டாத இல்லங்களில், மோட்டார் வண்டியின் மின்கலத்தைக் கொண்டு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கிப் பார்க்கும் வழக்கம் தீவெங்கும் இருந்தது. கடையிற் கொடுத்து மின்னேற்றி, சுமந்து வந்த மின்கலம் அது. அத்தகைய இல்லத்தில் திரை இருண்டுவிட்டால், இழந்த நிமிடங்கள் காசு கொடுத்து வாங்கிய நிமிடங்கள்.

திரை இருளாமற் காக்கும் கருவிகளுள் ஒன்று காட்சி மாற்று ஆளிப் பொறி. பல கமெராக்கள், பதிவுப் பொறிகள், வெளியூர் இணைப்புகள் ஆகியவற்றிலிருந்து வரும் காட்சிகளுள் வேண்டியதைத் தேர்ந்து அனுப்புவது அதன் பணி. 625 கோடுகளைக் கொண்ட முறையில் நொடிக்கு 50 அரைப்படங்கள் செல்கின்றன. இரண்டு அரைப்படங்களுக்கு இடையே ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் ஏறக்குறைய ஒன்றரைப் பங்களவான வெற்றிடம் உண்டு. அந்த இடைவெளியிலேயே மாற்றம் நிகழ்தல் வேண்டும்; இல்லையேல் படம் கிழிந்தாற்போலத் தோன்றும். முற்காலத்தில் மின்காந்த ஆளிகள் இப்பணியைச் செய்தன. 1947இல் திரான்சிற்றர் பிறந்தது. 1958இல் ஒருங்கிணைந்த சுற்று உருவாயிற்று. அவற்றின் வழியே, அலுமாரி நிறைந்த கருவிகள் கழற்றி மாட்டத்தக்க பலகைகளாகச் சுருங்கின.

பலகைகள் வந்தபின் பழுதுபார்க்கும் கலையும் மாறியது. பழுதான இடத்திலேயே அமர்ந்து ஒவ்வோர் உறுப்பாக ஆராய்வதற்கு மாறாக, பழுதுற்ற பலகையை எடுத்து, மாற்றுப் பலகையைச் செருகி, ஒளிபரப்பைத் தொடரச் செய்தல் முதற்கடமையாயிற்று. ஆனால் மாற்றுப் பலகை கடல் கடந்து வரவேண்டியது; கையிருப்பிலோ ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆகவே, எந்தப் பலகை என்பதைக் கையால் தேடுமுன் அறிவால் தேடவேண்டும். நோயையும் அதன் மூலத்தையும் நாடிய பின்னரே மருந்து என்பது தமிழர் நன்கறிந்த நெறியன்றோ!

பத்து வருவழிகளும் ஆறு செல்வழிகளும் உள்ள ஒரு பொறியில் அறுபது சந்திகள் உண்டு. ஒரு வருவழியின் காட்சி எந்தச் செல்வழியிலும் தோன்றாவிடின், குற்றம் அந்த வருவழியின் பெருக்கியிலோ அதற்கு முன்னரோ உள்ளது. ஒரு செல்வழியில் எக்காட்சியும் தோன்றாவிடின், அச்செல்வழியின் பெருக்கியையோ அதற்குரிய கட்டுப்பாட்டையோ ஐயுறலாம். ஒரு வருவழி ஒரு செல்வழியில் மட்டும் தோன்றாவிடின், அவ்விரண்டும் கூடும் சந்தியே பிணியுற்றது. யாவும் ஒருங்கே மறைந்தால், பலகைகளைத் தொடுமுன் மின்வழங்கியை அளந்து பார்த்தல் முறை. வெப்பத்தாலும் முதுமையாலும் உலர்ந்துபோகும் கொள்ளளவிகள் அங்கேயே மிகுதி.

பலகையே குற்றமுடையது என்பதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரே வகையான இரு பலகைகளை இடம் மாற்றி வைத்தால், குற்றம் பலகையோடு சென்றால் பலகை பழுது. பழைய இடத்திலேயே நின்றால் பழுது வேறெங்கோ உள்ளது. காட்சிக் குறியின் அளவு 1 வோல்ற். கம்பியின் முடிவில் 75 ஓம் தடை இருத்தல் வேண்டும். அத்தடை விடுபட்டால் அளவு இருமடங்காகிப் படம் வெளிறும். அதனைப் பலகையின் குற்றமெனக் கருதி நல்ல பலகையைக் கழற்றுவது வீண் வேலை. பனியும் ஈரமும் நிறைந்த மலைநாட்டில், செருகுமுனைகளிற் படியும் களிம்பைத் துடைத்த அளவிலேயே நோய் நீங்குவதும் உண்டு.

மாற்றும்போதும் அவசரம் ஆகாது. பொறி அதற்கென ஆக்கப்படவில்லையெனில் மின்னை நிறுத்தியே பலகையை உருவவேண்டும். உடலில் தேங்கிய நிலைமின் நுண்ணிய சுற்றுகளை அழிக்கும் ஆதலால் மணிக்கட்டைப் புவியோடு இணைத்தல் வேண்டும். பழைய பலகையிலுள்ள சிறு ஆளிகளின் நிலையைப் புதியதிலும் அவ்வாறே வைத்தல் வேண்டும். இறுதியாக, வண்ணப் பட்டைகளை அனுப்பி, அலைவுகாட்டியில் அளவு சரிபார்த்த பின்னரே பணி முடிந்தது எனலாம்.

இன்று காட்சிகள் எண்களாக ஓடுகின்றன. பழைய பலகைகளை ஆக்கியோர் பலர் அவற்றைக் கைவிட்டனர். எனினும் வருவழி, செல்வழி, சந்தி என்னும் மூன்றையும் பிரித்தறியும் நெறி மாறவில்லை. மலைமுடியிலிருந்து புறப்பட்ட காட்சி லயன் அறையின் சிறு திரையை ஒரு குறையுமின்றி அடைந்த மாலைகளில், இடையே நின்ற பலகையை எவரும் நினைத்திரார். அதனைக் காத்தவரின் உழைப்புக்கு அவ்வாறு நினையாமையே சான்று.