பேணிப்பாலும் உப்புக் கிணறும்

எந்தப் பால்மா நல்லது என்று கேட்போர் பலர். எந்தத் தண்ணீரில் கரைப்பது என்று கேட்போர் அரிது. 2004 டிசம்பர் 26 அன்று கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைக் கடல் வாரிச் சுருட்டியபோது அதுவே உயிர்க்கேள்வியாயிற்று. மக்கள் முகாம்களில்; கரையோரக் கிணறுகளிலோ உப்பு. அவ்வேளையில், குழந்தைப் பால்மாவை நன்கொடையாக அனுப்பாதீர் என உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் விடுத்த வேண்டுகோள் சிலருக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றலாம். அதன் பின்னே நெடிய வரலாறு உண்டு.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பே 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய பேணிப்பாலைச் சிசுவுக்கு உகந்ததென விற்றதைத்தான் அவர் கொலை என்றார். எனினும் உலக சுகாதாரப் பேரவை ஒரு விற்பனை ஒழுக்கக்கோவையை ஏற்க 1981 ஆயிற்று. இலங்கை 1983இலேயே தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. நாம் தாமதிக்காத சில விடயங்களுள் இதுவும் ஒன்று.

தாயை இழந்த சிசுவுக்குப் பால்மா வேண்டியதே. (வேறொரு தாய் பாலூட்டினால் அவளை உறவாகவே கொள்ளும் மரபும் முஸ்லிம்களிடையே உண்டு.) ஆனால் தேநீருக்குக் கலக்கும் மா வேறு, சிசுவுக்குரிய மா வேறு. அந்த மாவும் கிருமியற்றதன்று. கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் கரைத்து, பின்னர் ஆறவைத்துப் புகட்டவேண்டும். கேத்தலும் அடுப்பும் கடலோடு போன குடும்பத்துக்கு அது எளிதன்று. சூப்பிப் போத்தலைவிடக் கழுவ இலகுவான சிறு கோப்பையே அங்கு பாதுகாப்பானது.