முறைப்பாசனம் தெரியுமா? அப்போ ‘ரியல்-டைம் ஓஎஸ்’ உங்களுக்குப் பாதி தெரியும்!

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும், ஜனவரி 28-ல் மூடப்படும். தண்ணீர் தாராளமாக இருந்தால் கல்லணையில் யாருக்கும் சண்டை இல்லை. பற்றாக்குறை வந்தால்தான் முறைப்பாசனம்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. முறை தள்ளிப்போனால் கடைமடையில் பயிர் கருகும். அதற்குப் பிறகு எவ்வளவு திறந்துவிட்டாலும் கருகினது கருகினதுதான்.

காரின் ஏபிஎஸ் பிரேக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. உள்ளே இருக்கும் சிறிய கம்ப்யூட்டர் சில மில்லி செகண்டுக்கு ஒருமுறை சக்கரத்தின் வேகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சரியான விடை லேட்டாக வந்தால் அது தப்பான விடை. இப்படிப்பட்ட வேலைகளுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பதுதான் ரியல்-டைம் ஓஎஸ்.

யாருக்கு முதலில்?

ஒரே மோட்டார், இரண்டு வயல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வயலுக்கு ஒவ்வொரு 5 நாளிலும் 2 நாள் தண்ணீர் வேண்டும். இரண்டாவது வயலுக்கு ஒவ்வொரு 7 நாளிலும் 4 நாள். 35 நாள் கணக்குப் போட்டால் தேவை 34 நாள்தான். அப்போ போதும்தானே?

அது முறை வைப்பதைப் பொறுத்தது. ‘அடிக்கடி கேட்கிறவருக்கே எப்போதும் முதல் உரிமை’ என்று வைத்தால், 1, 2-ம் நாள் முதல் வயலுக்கு. 3, 4, 5-ம் நாள் இரண்டாவதுக்கு. 6-ம் நாள் முதல் வயலின் அடுத்த முறை வந்துவிடும். 6, 7 இரண்டும் அதற்கே போய்விடும். 7-ம் நாள் முடியும்போது இரண்டாவது வயலுக்கு ஒரு நாள் தண்ணீர் பாக்கி.

‘யாருடைய கெடு முதலில் முடிகிறதோ அவருக்கு’ என்று மாற்றிப் பாருங்க. 6-ம் நாளை இரண்டாவது வயலுக்கே கொடுத்து முடித்துவிடலாம். முதல் வயலுக்கு 10-ம் நாள் வரை கெடு இருக்கிறது. 7, 8-ம் நாள் கொடுத்தால் போதும். மோட்டாரும் அதேதான், தண்ணீரும் அதேதான்.

இந்த இரண்டு முறைகளையும் 1973-ல் லியூ, லேலேண்ட் என்ற இருவர் கணக்காகவே நிரூபித்தார்கள். முதல் முறையில் இரண்டு வேலைகள் இருந்தால் சுமார் 83 சதவீதச் சுமை வரைதான் உத்தரவாதம். வேலைகள் கூடக்கூட அது 69 சதவீதம் வரை இறங்கும். இரண்டாவது முறையில் 100 சதவீதம் வரை தாங்கும்.

பிறகு ஏன் பல தொழிற்சாலைக் கருவிகளில் இன்னும் முதல் முறை? சுமை எல்லை மீறினால் அதில் அடிபடுவது கடைசி முன்னுரிமை வேலைதான். யார் கடைமடை என்று முன்கூட்டியே தெரியும். கெடு முறையிலோ ஒன்று தாமதமானால் அடுத்தடுத்து எதுவும் தவறலாம். டெல்டா விவசாயிக்கு இந்தப் ‘பாதுகாப்பு’ எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால், தவறினாலும் பரவாயில்லை என்ற வேலையைக் கடைசியில் வைக்க இன்ஜினியருக்கு வசதி உண்டு.

செவ்வாயில் நடந்த கதை

1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாளிலேயே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. குறைந்த முன்னுரிமை கொண்ட வானிலை வேலை ஒன்று பொதுப் பூட்டு ஒன்றைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக முக்கியமான வேலை காத்திருந்தது. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து, வானிலை வேலையை முடிக்க விடவில்லை. மதகுச் சாவி லஸ்கரிடம் இருக்க, வேறு யாரோ அவரை வழியில் நிறுத்திவைத்த மாதிரி!

இதற்கான மருந்து முன்பே தயார்: காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது. 1990-ல் இதை விளக்கிய ஆய்வுக் கட்டுரையின் மூவரில் ஒருவர், கோவை பிஎஸ்ஜி டெக்கில் படித்த ராஜ் ராஜ்குமார். பாத்ஃபைண்டரின் விஎக்ஸ்வொர்க்ஸ் ஓஎஸ்ஸிலேயே அந்த வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு அது ஆன் செய்யப்படவில்லை. பூமியிலிருந்தே ஆன் செய்தார்கள். ரீஸ்டார்ட் நின்றது.